டிகிரி காபியும் ஸ்காட்லாந்து பீரும்

தலைப்பைப் பார்த்ததும் பத்திரிகையை ஆபீஸ் ஃபைலுக்குள் செருக வேண்டாம். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. குடிக்காதே என்று சொல்லும் கட்டுரையும் இல்லை. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்துக்காரனும் ஸ்காட்லாந்துக்காரனும் 'ஸ்ட்ராங் ஏல்' என்கிற கனத்த பீரை எப்படிக் காய்ச்சினார்கள், பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஏன் வேறு வேறு மாதிரி காய்ச்சினார்கள் என்று ஒரு சின்ன விசாரணை. நடுவில் காபி ஃபில்டர், இட்லி மாவு, விதை நெல், ஒரு சங்கப் புலவர் எல்லோரும் சாட்சி சொல்ல வருவார்கள்.

முதல் சாட்சி, திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் என் சித்தப்பா. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற ஊர். மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி தண்ணீர் திறப்பார்களா, மாட்டார்களா என்பதைத் தவிர உலகத்தில் வேறு செய்தியே கிடையாது என்று நினைப்பவர். குறுவைக்கு விதை நெல்லை ஒரு நாள் ஊறவைப்பார். தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி இன்னொரு நாள் வைப்பார். பிரித்துக் கையை விட்டால் உள்ளே கதகதவென்று சூடு. நெல்லின் மூக்கில் வெள்ளையாக ஒரு முளை.

"சித்தப்பா, நீங்க இப்ப செஞ்சது பாதி பீர்" என்றேன்.

"மெதுவாப் பேசுடா. உங்க சித்தி காதுல விழுந்துடப் போவுது."

"நெசமாத்தான். இதுக்குப் பேர் மால்ட்."

"மீதிப் பாதி?"

"அதை நாத்தங்கால்ல விட்டுடுறீங்களே!"

"அதான் சோறு திங்கிறோம்" என்றார். பதில் இல்லை என்னிடம்.

மால்ட் என்ற வார்த்தையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் படித்திருப்பீர்கள். கேழ்வரகு மால்ட் குடித்திருப்பீர்கள். விஷயம் ஒன்றுதான். தானியத்துக்குள் இருப்பது மாவு. முளை விட்டதும், பிறக்கப்போகிற பயிருக்கு ஊட்டுவதற்காக, அந்த மாவைச் சர்க்கரையாக மாற்றும் என்சைம்களைத் தானியம் தானே தயார் பண்ணிக்கொள்கிறது. சித்தப்பா அந்தப் பிள்ளையை வயலுக்கு அனுப்புகிறார். பீர்க்காரன் அந்தக் கட்டத்தில் பார்லியைச் சூட்டில் காயவைத்து முளையை நிறுத்திவிடுகிறான். என்சைம் மட்டும் உயிரோடு இருக்கும். பிறகு அதை நொறுக்கி வெந்நீர் விட்டால் மாவு சர்க்கரையாகி இனிப்பாக ஒரு கஷாயம் இறங்கும். ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலைத் துப்பும். அவ்வளவுதான் பீர். மிச்சமெல்லாம் விளம்பரம்.

இந்த வெந்நீர் விடுகிற இடத்தில்தான் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் முதல் தகராறு.

உங்கள் வீட்டு காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்குகிறது, அது மாப்பிள்ளைக்கு. அதே தூளில் மறுபடி வெந்நீர் விட்டால் இரண்டாவது, அது நமக்கு. மூன்றாவதும் இறக்கலாம், வாடகை கேட்க வந்தவருக்குக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் பழைய வழக்கம் அப்படியே இதுதான். பெரிய மரத்தொட்டியில் மால்ட்டைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கிளறி வடிப்பார்கள். மறுபடி ஊற்றி, கிளறி, வடிப்பார்கள். மூன்றாம் முறையும் உண்டு. முதல் வடிப்பு எஜமானுக்கு ஸ்ட்ராங் ஏல். கடைசி வடிப்பு 'சின்ன பீர்', வேலைக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும். ஒரே தொட்டியிலிருந்து வீட்டின் ஜாதி அமைப்பு முழுவதும் இறங்கிவிடும்.

ஸ்காட்லாந்துக்காரன் ஒரு தடவைதான் ஊற்றிக் கிளறுவான். அதற்குப் பிறகு மால்ட்டைத் தொடமாட்டான். கீழே குழாயைத் திறந்துவிட்டு, மேலே வெந்நீரைத் தூறல் மாதிரித் தெளித்துக்கொண்டே இருப்பான். தெளிக்கிற தண்ணீர் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, ஒட்டியிருக்கும் இனிப்பையெல்லாம் கழுவிக்கொண்டு போகும். கலங்காது, வீணும் ஆகாது. எடின்பரோவில் டபிள்யூ. எச். ராபர்ட்ஸ் என்பவர் ஸ்காட்லாந்து முறையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதன் 1847-ம் வருஷப் பதிப்பில் இதெல்லாம் அட்டவணை போட்டு இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் சிக்கனம் என்று இங்கிலாந்தில் ஆயிரம் ஜோக் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே இந்தத் தெளிப்பு வித்தையை அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு உலகத்தில் பெரும்பாலான பீர் தொழிற்சாலைகளில் தெளிப்புதான்.

வெந்நீர் எவ்வளவு சூடு? அதிகமானால் என்சைம் செத்துவிடும். தெர்மாமீட்டர் வருவதற்கு முன்னால் ஒரு வழி வைத்திருந்தார்கள். கொதித்த தண்ணீரை ஆறவிட்டு, ஆவி அடங்கி, குனிந்து பார்த்தால் தன் முகம் தெரிகிற சமயத்தில் மால்ட்டைப் போடு! முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. 1760-களில்தான் காம்ப்ரூன் என்பவர் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு பீர் காய்ச்சுவதைப் புத்தகமாக எழுதினார். 1784-ல் ரிச்சர்ட்சன் என்பவர், கஷாயத்தில் ஒரு குண்டு எந்த அளவு மிதக்கிறது என்று பார்த்து இனிப்பைக் கணக்கிடும் ஹைட்ரோமீட்டரைப் பிரபலமாக்கினார். இது என்னவோ விஞ்ஞானம் என்று பயப்படாதீர்கள். பால்காரரிடம் அம்மாக்கள் சண்டை போடும்போது பாலில் விட்டுப் பார்ப்பார்களே லாக்டோமீட்டர், அதன் ஒன்றுவிட்ட அண்ணன். கும்பகோணம் டிகிரி காபிக்கு 'டிகிரி' வந்தது அந்த லாக்டோமீட்டரால் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கணக்கில் பீருக்கும் டிகிரி உண்டு.

இரண்டாவது வித்தியாசம்தான் முக்கியம். பொறுமை.

இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் சித்திரை மாதத்தில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தைத் தாண்டி மேடையில் ஓடிக்கொண்டிருக்கும். அதே மாவை ஊட்டிக்கு மார்கழியில் கொண்டுபோய் வைத்தால் கம்பளி போர்த்தினாலும் கண்ணைத் திறக்காது. அமெரிக்காவில் இருக்கும் மருமகள்கள் அடுப்புப் பெட்டிக்குள் விளக்கைப் போட்டு மாவைத் தூங்க வைக்கிறார்கள். நுண்ணுயிர்களுக்குக் கடிகாரம் கிடையாது. வெயில்தான் கடிகாரம்.

ராபர்ட்ஸ் சொல்கிறபடி ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராங் ஏலுக்கு ஈஸ்ட்டைச் சேர்க்கும்போது கஷாயத்தின் சூடு பத்து டிகிரி செல்சியஸ் பக்கம். நமக்கு அது ஸ்வெட்டர், மஃப்ளர், காதில் பஞ்சு. அந்தக் குளிரில் ஈஸ்ட் தூங்கி வழிந்து வேலை பார்க்கும். புளிப்பதற்கு மூன்று வாரம்வரை ஆகும். கோடையில் காய்ச்சுவதையே நிறுத்திவிடுவார்கள். இங்கிலாந்தில் ஐந்தாறு டிகிரி கூடுதலாக ஆரம்பித்து, அதன் போக்கில் சூடு ஏறவிடுவார்கள். ஒரு வாரத்தில் கதை முடிந்துவிடும். வேகமாக வேலை செய்கிற ஈஸ்ட் பழவாசனைகளையும் கூடவே உண்டாக்கும். மெதுவாகச் செய்கிற ஈஸ்ட் அதிகம் வாசனை காட்டாது. அதுவும் ஸ்காட்லாந்தில் சர்க்கரை முழுவதையும் தின்னவிடாமல் நிறுத்திவிடுவார்கள். அதனால் எடின்பரோ ஏல் இனிப்பாக, வழவழவென்று கனமாக இருக்கும். நம் ஆபீஸில்கூட இரண்டு வகையும் உண்டு. வேகமாக வேலை செய்து நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி வாசனை கிளப்புகிறவர் ஒருவர். மூலையில் மூன்று வாரம் உட்கார்ந்து, ஓசையில்லாமல் ஃபைலை முடிப்பவர் இன்னொருவர். பிரமோஷன் யாருக்கு என்பது பீர் விஷயமில்லை.

ஆனால் இங்கிலாந்துக்காரனுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அவன் பொறுமை புளித்த பிறகு ஆரம்பிக்கும். நல்ல ஸ்ட்ராங் ஏலை மரப்பீப்பாயில் அடைத்து ஒரு வருஷத்துக்கும் மேலே கிடப்பில் போடுவான். பெரிய பண்ணை வீடுகளில் வாரிசு பிறந்தால் அன்றைக்கு ஒரு பீப்பாய் காய்ச்சி மூடிவிடுவார்களாம். பையனுக்கு இருபத்தோரு வயது ஆகும்போதுதான் திறப்பது. நம் ஊரில் பெண் பிறந்த அன்றே நகைச்சீட்டுப் போடுகிற அப்பாக்கள் மாதிரி. அந்த நீண்ட தூக்கத்தில் பீருக்கு ஒரு பழைய தோல், பழைய மரம் கலந்த வாசனை வரும். என்ன காரணம் என்று டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாசன் என்பவர் தேடி, 1904-ல் அந்தக் குற்றவாளி ஈஸ்ட்டைப் பிடித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பிரெட்டனோமைசஸ்'. அர்த்தம்: பிரிட்டிஷ் காளான். வெள்ளைக்காரனைப் பற்றி நம் தாத்தாக்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஸ்காட்லாந்து பீரைப் பற்றி ஒரு வதந்தியும் உண்டு. ஹாப்ஸ் என்று ஒரு கொடி. அதன் பூதான் பீருக்குக் கசப்பு, கெடாமல் காப்பதும் அதுதான். ஸ்காட்லாந்தில் ஹாப்ஸ் விளையாது, அதனால் அவர்கள் கஞ்சத்தனமாகப் போட்டார்கள், கசப்பே இருக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். ரான் பாட்டின்சன் என்கிற பீர் சரித்திரக்காரர் பழைய பீர்க் கம்பெனிகளின் கணக்கு நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, அது கட்டுக்கதை என்று எழுதியிருக்கிறார். எடின்பரோவில் தாராளமாகவே போட்டிருக்கிறார்கள். விளையாத சரக்கைக் கப்பலில் வரவழைப்பது அவ்வளவு பெரிய அதிசயமா? தஞ்சாவூரில் காபிச் செடி எங்கே இருக்கிறது?

சரி, சங்கப் புலவர் ரொம்ப நேரமாக வெளியே உட்கார்ந்திருக்கிறார். கூப்பிடலாம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார். கரிகாலனைப் பற்றியும் காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றியும் பட்டினப்பாலை பாடியவர். அந்தப் பாட்டில் மதுக்கடை வாசலில் கொடி பறந்ததையும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இவரே காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிப் பெரும்பாணாற்றுப்படை பாடினார். வழியில் வலைஞர் குடியிருப்பில் என்ன கிடைக்கும் என்று சொல்லும்போது, ஒரு பானம் தயாரிக்கும் முறையைச் சமையல் குறிப்பு மாதிரி வரிசையாகச் சொல்லிவிடுகிறார். தீட்டாத அரிசியைக் கூழாகத் துழாவிக் காய்ச்சு. வாயகன்ற தட்டில் கொட்டி நன்றாக ஆறவிடு. முளையை இடித்துக் கல. இரண்டு பகல், இரண்டு இரவு விடு. சாடியில் முற்றியதும் விரலால் அலைத்துப் பிழி. தொட்டுக்கொள்ள, சுட்ட மீன்.

கவனியுங்கள். முளை! பழைய உரையாசிரியர் அந்த இடத்துக்கு முளை என்றுதான் பொருள் சொல்கிறார். சித்தப்பா சாக்கில் கட்டிய அதே சமாசாரம். பனையும் தென்னையும் நிற்கிற நாட்டில் ஒருவன் மரத்தில் ஏறாமல், நெல்லிலிருந்து பீர் காய்ச்சியிருக்கிறான். 'ஆறவிடு' என்பதையும் மறக்கவில்லை. முகம் பார்த்த இங்கிலாந்துக்காரனின் அதே கவலை. இதே பாட்டில் இன்னோர் இடத்தில் வீட்டில் காய்ச்சிய 'தோப்பி' என்று வருகிறது. அதற்கும் நெல்லால் ஆன கள் என்றுதான் உரை. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். புலவர் அந்தப் பொருளை 'அடை' என்கிறார். பார்ப்பதற்குப் புற்றுக்குள் இருக்கும் குரும்பி மாதிரி இருந்தது என்கிறார். மணிப்பூர், அஸ்ஸாம் பக்கம் இன்றும் அரிசி பீருக்குப் பூஞ்சை பிடித்த மாவு வில்லைகளைத்தான் உறையாகப் போடுகிறார்கள். இங்கேயும் அப்படி ஏதாவது இருந்திருக்குமோ? தமிழ்ப் பேராசிரியர்கள் தடியோடு வருவதற்குள் அடுத்த பாராவுக்குப் போய்விடுகிறேன்.

ஸ்காட்லாந்து மூன்று வாரம். இங்கிலாந்து ஒரு வாரம். வலைஞர் வீட்டில் இரண்டு நாள். மூன்றும் ஒரே வேலை. வெயில் மட்டும்தான் வேறு.

அந்த வெயில் இன்னொரு காரியமும் செய்தது. மூன்று வாரம் குளிரில் புளித்து, ஹாப்ஸ் போட்டு, ஆல்கஹால் இரண்டு மடங்கு ஏறிய பீர் வருஷக்கணக்கில் கெடாது. ஸ்ட்ராங் என்பது போதைக்காக மட்டும் வந்த குணம் இல்லை. சேமித்து வைப்பதற்கான குணம். ஊறுகாயில் உப்பு மாதிரி. இரண்டு நாளில் ஆன அரிசிப் பானம் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே காடியாகிவிடும். கள் அதைவிட அவசரம். விடிகாலையில் இறக்கும்போது இனிப்பு, சாயங்காலம் கடுப்பு, மறுநாள் புளிப்பு. அன்றைக்கே, அந்த மரத்தடியிலேயே முடிந்துவிடுகிற சரக்கு.

கெடாத சரக்குக்கு ஒரு பின்விளைவு உண்டு. அதைக் கிடங்கில் வைக்கலாம். எண்ணலாம். எண்ண முடிந்தால் வரி போடலாம். 1725-ல் லண்டன் சர்க்கார் ஸ்காட்லாந்தில் ஒரு புஷல் மால்ட்டுக்கு மூன்று பென்ஸ் வரி போட்டபோது, கிளாஸ்கோவில் கலவரமே நடந்தது. வரிக்கு ஆதரவானவர் என்று ஒரு பார்லிமெண்ட் உறுப்பினரின் வீட்டைச் சூறையாடினார்கள். இங்கிலாந்தில் ஆறு பென்ஸ். அவர்கள் முணுமுணுத்துவிட்டுக் கட்டினார்கள். ஸ்காட்லாந்து ஏலுக்குப் பெயரே பின்னாளில் விலையாகிவிட்டது. பீப்பாய் விலையை வைத்து அறுபது ஷில்லிங் ஏல், எண்பது ஷில்லிங் ஏல். ரொம்ப ஸ்ட்ராங் நூற்றி நாற்பது. இங்கிலாந்தில் பெருக்கல் குறி. ஒரு பெருக்கல் சாதா, நாலு பெருக்கல் என்றால் பத்திரமாக வீட்டுக்குப் போகவும்.

கெடாத சரக்கைக் கப்பலிலும் ஏற்றலாம். அப்படித்தான் பீர் இந்தியாவுக்கு வந்தது. முதலில் லண்டன் ஹாட்ஜ்சன். பிறகு 1820-களில் பர்ட்டன் ஊர் ஆல்சாப், பாஸ். போட்டியில் எடின்பரோக் கம்பெனிகளும் புகுந்தன. இந்தியா பேல் ஏல் என்கிறார்களே, அது கடல் தாண்டுவதற்காக மிகவும் ஸ்ட்ராங்காகக் காய்ச்சப்பட்டது என்பதும் பாதி வதந்திதான். அந்தக் காலத்து அளவில் அது நடுத்தரம். கூடுதலாகப் போட்டது ஹாப்ஸ். கடைசியில் கப்பல் செலவு எதற்கு என்று இங்கேயே காய்ச்ச ஆரம்பித்தார்கள். எங்கே? குளிர் இருக்கிற இடத்தில். கசௌலி, நீலகிரி, பெங்களூர். இட்லி மாவு தூங்குகிற ஊர்களாகப் பார்த்துப் பிடித்தார்கள்! தென்னிந்தியாவில் இருந்த ஐந்து சிறிய பீர்க் கம்பெனிகளைச் சேர்த்து 1915-ல் யுனைட்டெட் புரூவரீஸ் என்று ஆக்கியவர் தாமஸ் லீஷ்மன். ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? ஸ்காட்லாந்து.

இனி நம் கதை. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948-ல் ராஜதானி முழுவதும். 1971-ல் கலைஞர் திறந்தார். அப்புறம் மூடினார்கள், திறந்தார்கள், மூடினார்கள். 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். 2003-லிருந்து சில்லறை மதுக்கடைகளை டாஸ்மாக் என்ற அரசாங்கக் கம்பெனியே நடத்துகிறது. அதாவது, சித்தப்பா தன் வரப்பில் நிற்கிற தென்னையில் கலயம் கட்டினால் போலீஸ் வரும். அவரே நாலு தெரு தள்ளிப் போய் 'ஸ்ட்ராங்' என்று அச்சடித்த பீர் பாட்டில் வாங்கினால் பில் வரும். கேரளாவில் கள்ளுக்கடை உண்டு. இங்கே கூடாது என்பதற்குக் கலப்படம், குடும்பம், ஏழைகள் என்று நிறையக் காரணம் சொல்கிறார்கள். சிலவற்றில் நியாயமும் இருக்கிறது. கள்ளில் கண்டதைக் கலந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் குடும்பத்தைக் கெடுப்பதில் பிராந்தி பாட்டில் எந்த விதத்தில் குறைந்துபோயிற்று என்று யாரும் விளக்கவில்லை. என் கணக்கில் கள் செய்த பெரிய தப்பு, அது அலமாரியில் நிற்காது. சாயங்காலத்துக்குள் புளித்துவிடுகிற சரக்குக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுத முடியாது. மேலிடத்துக்கு மாதாந்திர ரிப்போர்ட் அனுப்ப முடியாது. ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்கு இதன் கஷ்டம் புரியும்.

நஷ்டம் மரமேறிகளுக்கு மட்டும் இல்லை. எடின்பரோவில் 1847-ல் எழுதி வைத்ததால் அவர்கள் பத்து டிகிரியா, பதினொன்றா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். பழைய முறையில் திரும்பக் காய்ச்சிப் பார்க்கிறார்கள். நம்மிடம் அதைவிடப் பழைய குறிப்பு, செய்யுளில், சைட் டிஷ் உட்பட இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் காய்ச்சினால் ஜெயில் என்பதால் அது தமிழ் எம்.ஏ. பாடத்தில் பத்திரமாக இருக்கிறது.

சித்தப்பாவிடம் செய்முறை முழுவதையும் சொன்னேன். முளை, கூழ், இரண்டு நாள், பிழிதல் எல்லாம். பொறுமையாகக் கேட்டவர், "மீன் சுட்டதுன்னியே, அது என்ன மீன்?" என்றார்.

பாட்டில் அது இல்லை.

"கெண்டையாத்தான் இருக்கும்" என்று அவரே முடிவு செய்து, தூண்டிலைத் தேட ஆரம்பித்தார்.